கூலிக்கு வெட்டியதா, தானாக வெட்டியதா?

தம்பி,

அம்பாறைக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான். உங்கள் ஊர் வியாபாரி ஒருவர் இரவில் வீடு திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். பொலிஸார் ஒருவனைப் பிடித்து, காணி எல்லைத் தகராற்றில் அவன் தனியாகச் செய்த வேலை என்று நீதவானுக்கு அறிக்கை கொடுத்துவிட்டார்கள். ஊர் அதை நம்பவில்லை. காசு கொடுத்து வெட்டுவித்தார்கள் என்கிறது. கொடுத்தவரின் பெயரையும் சொல்கிறது. இரண்டில் எது உண்மை என்று ஒரு மனிதன் எப்படிக் கண்டுகொள்வது?

உங்கள் ஊர் வழக்கைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அது நீதிமன்றத்தில் இருக்கிறது, நான் வழக்குக் கோவையைப் பார்த்ததும் இல்லை. ஆனால் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கொலை வழக்குகளில் எதிரிகளுக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக, முப்பது வருடத்துக்கு மேல் நின்றவன் என்ற முறையில், இந்தக் கேள்வியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்ல முடியும். இதில் எனக்கு அக்கறை உண்டு. தவறான பக்கத்தில் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அதையே முதலில் சொல்கிறேன். போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. நெல் வாங்கி விற்கும் ஒருவர் அந்தி சாய்ந்த பிறகு கத்தியால் வெட்டப்பட்டு இறந்துகிடந்தார். வழக்கமாக அவர் மோட்டார் சைக்கிளில் பாலத்தைச் சுற்றித் தார் ரோட்டால் வருபவர். அன்று சைக்கிள் திருத்தக் கொடுத்திருந்ததால் வாவியைப் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் படகில், கடந்து, இறங்குதுறையிலிருந்து நடந்து வந்தார். பாதை ஏறும் அக்கரைத் துறை வரை அவரைக் கொண்டுவந்து விட்டவர் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. சீதனமாகக் கொடுத்த வளவின் ஒரு துண்டைப் பற்றி மைத்துனருக்கும் இறந்தவருக்கும் மனத்தாங்கல் இருந்தது ஊருக்கெல்லாம் தெரியும்.

இனி என்ன? அன்று அவர் பாதையால் வருவது மைத்துனருக்கு மட்டுமே தெரியும். வெட்டியவன் சரியாக அந்த வழியில் காத்திருந்தான். அப்படியானால் சொல்லிவிட்டது யார், காசு கொடுத்தது யார் என்று ஊர் ஒரே இரவில் தீர்ப்பெழுதியது. வெட்டியவன் பிடிபட்டான். மைத்துனரும் இரண்டாம் சந்தேகநபராக விளக்கமறியலுக்குப் போனார். பதினொரு மாதம்.

என் மூத்த சட்டத்தரணி கோவையை வாசித்துவிட்டு, “வா, போய் அந்த இடத்தைப் பார்ப்போம்” என்றார். போனோம். வயலுக்கு நீர் போகும் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு சிறிய மதகு. அதன் கட்டின் மேல் ஏறி நின்றால் இடப்பக்கம் இறங்குதுறையிலிருந்து வரும் மண் ரோட்டும் வலப்பக்கம் தார் ரோட்டிலிருந்து திரும்பும் கிறவல் ரோட்டும் தெரிகின்றன. இரண்டும் அந்த மதகடியில் ஒன்றாகித்தான் கிராமத்துக்குள் போகின்றன. இறந்தவர் எந்த வழியால் வந்தாலும் அந்த மதகைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக முடியாது. பாதையால் வருகிறார் என்று வெட்டியவனுக்கு ஒருவரும் சொல்லத் தேவையே இல்லை.

அங்கே மாட்டுப் பட்டி சாய்த்துக்கொண்டு வந்த ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். “அவனா? நாலைந்து நாளாக அந்தி நேரத்தில் இந்தக் கட்டின் மேல்தான் இருந்தான். மீன் பிடிக்க இருக்கிறான் என்று நினைத்தேன்” என்றார். அவரிடம் யாரும் வாக்குமூலம் எடுக்கவில்லை. பாதை ஓட்டுபவர்களிடமும் துறையடிக் கடைக்காரர்களிடமும் மட்டுமே விசாரித்திருந்தார்கள். பின்னர் முழுக் கதையும் வெளியே வந்தது. வெட்டியவன் இரண்டு போகமாக அந்த வியாபாரிக்குக் கடனில் நெல் கொடுத்திருந்தான். காசு வரவில்லை, மனைவியின் நகை அடகில் மூழ்கிப்போனது. நாலைந்து நாள் காத்திருந்து, தானாகவே செய்தான். சட்டமா அதிபர் மைத்துனரைக் குற்றப்பத்திரத்தில் சேர்க்கவில்லை. ஆனால் அவருடைய மகளுக்கு நடந்த கலியாணப் பேச்சு குழம்பியது குழம்பியதுதான். அக்காவின் வீட்டு ஆண்டுத் திவசத்துக்குக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை.

இந்தக் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இருக்கிறது. கூலிக்கொலை என்று ஊர் சொல்லும்போது அநேகமாக அடியில் கிடக்கும் வாதம் “அவனுக்கு எப்படித் தெரியும்?” என்பதுதான். நல்ல கேள்வி. விசாரணையை அங்கேதான் தொடங்க வேண்டும். ஆனால் அதற்கு விடை வீட்டுக்குள் இருந்தவர் சொன்னார் என்பதாக மட்டும் இருக்க முடியாது. காத்திருந்தவனுக்கும் தெரியும். பின்தொடர்ந்தவனுக்கும் தெரியும். கடைவாசலில் நின்று பேச்சைக் கேட்டவனுக்கும் தெரியும். இந்த வழிகளை எல்லாம் அடைத்துப் பார்த்த பிறகும் தகவல் உள்ளிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று நின்றால், அப்போது அது பெரிய சாட்சியம்.

நம் பக்கத்தில் சந்தேகம் மனைவி வழி உறவின் மேல் விழுவது சும்மா இல்லை. வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும் சமூகம் இது. ஆண் கலியாணம் முடித்து மனைவி வீட்டில் குடியேறுகிறான். காணிச் சண்டை என்றால் அது மைத்துனனோடோ சகலனோடோதான் இருக்கும். அதனால் எந்தக் கொலையிலும் காரணம் உள்ள ஓர் உறவினர் கைக்கெட்டும் தூரத்தில் அகப்படுவார். காரணம் இருப்பது வேறு, காசு கொடுத்தது வேறு.

இன்னொரு நம்பிக்கை காயங்களைப் பற்றியது. ஒரே வெட்டில் முடித்திருந்தால் கூலிக்காரன், இருபது வெட்டு வெட்டியிருந்தால் சொந்த ஆத்திரம் என்று சொல்வார்கள். சட்ட வைத்திய அதிகாரிகளைப் பல தடவை குறுக்கு விசாரணை செய்தவன் நான். அப்படிச் சொல்ல அவர்கள் துணிவதில்லை. காசுக்கு வந்த பழக்கமில்லாத பையன் பயத்தில் கண்டபடி வெட்டுவான். வருடக்கணக்காக மனதில் வைத்திருந்தவன் ஒரே வெட்டோடு போய்விடுவான். பிரேத பரிசோதனை சொல்லக்கூடியவை வேறு: உள்ளங்கையிலும் முன்கையிலும் தடுத்த காயம் உண்டா, பின்னால் இருந்து வெட்டப்பட்டதா, எல்லாக் காயங்களையும் ஒரே ஆயுதம் உண்டாக்கியிருக்க முடியுமா. ஒரே ஆயுதம் என்றாலும் ஒரே ஆள் என்று ஆகாது. பிடித்துக்கொண்டிருந்தவன் கையில் கத்தி இருந்திருக்க வேண்டியதில்லையே.

சரி, கூலி கொடுத்தது உண்மையானால் எங்கே அடையாளம் விடும்? காசில், தொலைபேசியில், ஆயத்தத்தில்.

காசு எப்போதும் கையில்தான் போகும். முற்பணம் கொஞ்சம், மிச்சம் வேலை முடிந்த பிறகு. வங்கிக் கணக்கில் அதைத் தேடிப் பயனில்லை. பெற்றவன் பக்கம் தேட வேண்டும்: அடகில் இருந்த நகை திடீரென்று மீண்டதா, ஓட்டோவின் லீசிங் நிலுவை ஒரே நாளில் கட்டப்பட்டதா, சீட்டுக்காசு பாக்கி தீர்ந்ததா. கொடுத்தவர் பக்கமும் அதே தேதிகளில் ஏதாவது விற்றிருக்க வேண்டும், அல்லது அடகு வைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் அது பேசும். நம் மாவட்டங்களில் ஒரு சிக்கலும் உண்டு. பெரும்போக அறுவடை முடிந்த பங்குனி மாதத்தில் பாதி ஊரின் கையில் காசு புழங்கும்; எல்லோரும் கடன் கட்டுவார்கள், நகை மீட்பார்கள். கார்த்திகை மழையில் ஒருவன் புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் நான் திரும்பிப் பார்ப்பேன். பங்குனியில் வாங்கினால் பார்க்க மாட்டேன்.

தொலைபேசிப் பதிவுகளை நீதிமன்றக் கட்டளையின் பேரில் நிறுவனங்களிடமிருந்து எடுக்கலாம். இன்று அநேகமான சதி வழக்குகள் அவற்றில்தான் நிற்கின்றன. ஆனால் உறவினர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில் என்ன புதினம்? முன்பு பேசாதவர்கள் கொலைக்கு முந்திய வாரத்தில் பேசத் தொடங்கி, அடுத்த நாளே நிறுத்திக்கொண்டால் அதுதான் கவனிக்க வேண்டியது. கோபுரப் பதிவைக் காட்டி “அவன் அந்த இடத்தில் நின்றான்” என்று சொல்லும்போதும் நிதானம் வேண்டும். கோபுரம் ஒரு பரப்பைத்தான் காட்டும், ஒரு புள்ளியைக் காட்டாது. மறைப்பில்லாத வாவிப் பரப்பில் கிழக்குக் கரையான எழுவான்கரையின் கோபுரம் படுவான்கரையில் நிற்பவனின் தொலைபேசியையும் பிடிக்கும்.

ஆயத்தம் என்றால் வேவு பார்த்தது, இரவல் வாகனம், இலக்கத் தகட்டை மாற்றியது, துவக்கு எங்கிருந்து வந்தது என்பவை. தனியாகச் செய்பவன் அநேகமாகத் தன் வீட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு, தன் சைக்கிளில் போவான்.

இனி ஊரில் அடிக்கடி கேட்கும் பேச்சுக்கு வருகிறேன்: “அவனே பொலிஸில் ஒத்துக்கொண்டானாம், காசு தந்தவரின் பெயரையும் சொன்னானாம்.” சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அவன் சொல்லி ஒரு கத்தி கண்டெடுக்கப்பட்டால் 27 ஆம் பிரிவின் கீழ் அந்தக் கண்டெடுப்போடு ஒட்டிய பகுதி மட்டும் உள்ளே வரும். நீதவானிடம் முறைப்படி சொன்ன ஒப்புதல் என்றாலும், அதே வழக்கில் கூட்டாக விசாரிக்கப்படும் மற்ற எதிரிக்கு எதிராக நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது. இந்தியாவில் எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது; நம் சட்டம் நேர்மாறானது. இந்தியத் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு வழக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கும் நம்மவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிடிபட்டவன் தன் பாரத்தைக் குறைக்க இன்னொருவரின் பெயரைச் சொல்வது உலக வழக்கம். அடி வாங்கியவன் கேட்ட பெயரையே சொல்வான்.

அதனால்தான் கூலி கொடுத்தவரைக் கூண்டில் ஏற்றப் பெரும்பாலும் உள்ளிருந்த ஒருவர் மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியாக வர வேண்டியிருக்கிறது. உடந்தையாளனின் சாட்சியத்தில் மட்டும் தங்கித் தண்டிப்பது சட்டவிரோதம் ஆகாது என்கிறது 133 ஆம் பிரிவு. வேறு சான்று துணை நிற்காவிட்டால் அவன் நம்பத்தக்கவன் அல்லன் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது 114 ஆம் பிரிவின் ஓர் உதாரணம். இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

இந்த நாட்டில் இந்தக் கேள்விக்கு ஆகப் பெரிய பாடம் 1959 இல் நடந்தது. செப்டெம்பர் 25 காலை, கொழும்பு றோஸ்மிட் பிளேஸ் வீட்டின் விறாந்தையில் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். சுட்டவர் தல்துவே சோமாராம தேரர், ஆயுர்வேதக் கண் வைத்தியர். அந்த இடத்திலேயே பிடிபட்டார். காயப்பட்ட பிரதமர் விடுத்த செய்தியிலேயே, காவியுடை தரித்த ஒரு மூடன் செய்த காரியம் என்ற பொருளில்தான் பேசினார். அவனுக்குக் கருணை காட்டும்படியும் கேட்டார். அதாவது சுடப்பட்டவரே அதைத் தனி ஒருவனின் செயலாகத்தான் பார்த்தார். கையில் துவக்கோடு ஆள் அகப்பட்டாயிற்று. இதைவிடத் தெளிவான தனிநபர் கொலை இருக்க முடியுமா?

சில வாரங்களில் களனி ரஜமகா விகாரையின் தலைமைத் தேரர் மாப்பிட்டிகம புத்தரக்கித கைதானார். பண்டாரநாயக்கவை ஆட்சிக்குக் கொண்டுவர முன்னின்று உழைத்தவர் அவர். கப்பல் போக்குவரத்து ஒப்பந்தமும் சீனித் தொழிற்சாலை அனுமதியும் கைகூடாத ஆத்திரம்தான் அவருடைய நோக்கம் என்றது வழக்குத்தொடுநர் தரப்பு. உடந்தையாக இருந்ததாகச் சொல்லப்பட்ட ஒருவர் மன்னிப்புப் பெற்று அரச சாட்சியானார். 1961 இல் நீதியரசர் ரி. எஸ். பெர்னாண்டோ முன்னிலையில் யூரிகள் சோமாராம, புத்தரக்கித, அவருடைய வியாபாரக் கூட்டாளி எச். பி. ஜயவர்தன ஆகிய மூவரையும் குற்றவாளிகளாகக் கண்டார்கள். மற்ற இருவரை விடுவித்தார்கள். அந்த விடுவிப்பையும் மறக்கக்கூடாது. சதி உண்டு என்று ஆனபிறகும் யூரிகள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தார்கள்.

இதில் என்னை எப்போதும் யோசிக்க வைப்பது சோமாராமவின் நிலை. நாட்டுக்காகவும் இனத்துக்காகவும் மதத்துக்காகவும் செய்ததாகவே அவர் நீதவானிடம் கொடுத்த ஒப்புதலில் சொல்லியிருந்தார். வழக்கு விசாரணையில் அதை மறுத்தார். காசு வாங்கிய கூலியாள் என்று அவரைச் சொல்ல முடியாது. தனியாள் என்றும் சொல்ல முடியாது. பின்னால் நின்றவர்களுக்கு இருந்தது வியாபாரக் கணக்கு, முன்னால் அனுப்பப்பட்டவருக்கு இருந்தது மத வெறி. உங்கள் ஊர் கேட்கும் கேள்வியில் இந்த மூன்றாம் வகைக்கு இடமில்லை. நான் கண்ட வழக்குகளில் இதுதான் அதிகம்: ஒரு சதமும் கைமாறாது. ஒரு மூத்தவர் தினமும் ஓர் இளையவனின் காதில் ஓதிக்கொண்டிருப்பார், “உன் தகப்பனின் காணியில் அவன் வேலி போட்டிருக்கிறான், நீ சோறு தின்கிறாய்” என்று. ஒருநாள் அவன் கத்தியை எடுப்பான்.

சட்டம் இதை வகைப்படுத்தத் தடுமாறுவதில்லை. தூண்டியவரும் உடந்தை. சதி செய்தவர் தண்டனைச் சட்டக் கோவையின் 113 ஆ பிரிவுக்குள் வருவார். பொது எண்ணத்தோடு சேர்ந்து செய்தவர்களை 32 ஆம் பிரிவு பிடிக்கும். 296 ஆம் பிரிவின் கீழ் கொலைக்கு மரண தண்டனை. 1976 க்குப் பிறகு இந்த நாட்டில் அது நிறைவேற்றப்படவில்லை. பண்டாரநாயக்க வழக்கில் அன்றைய சட்டத்தின் ஒரு முடிச்சால் சோமாராம மட்டும் 1962 இல் தூக்கிலிடப்பட்டார். மரண தண்டனையை மீண்டும் கொண்டுவந்த சட்டம் முன்தேதியிட்டுக் கொலையைத்தான் பிடித்தது, கொலைச் சதியைப் பிடிக்கவில்லை. மேன்முறையீட்டில் புத்தரக்கித, ஜயவர்தன இருவரின் தண்டனையும் ஆயுள் சிறையானது. சதி செய்தவர்கள் உயிரோடு இருக்க, அனுப்பப்பட்டவர் தூக்கில் போனார்.

நம் மண்ணிலேயே இன்னும் அண்மையில் நடந்ததையும் நினைவூட்டுகிறேன். 2018 நவம்பர் 30 அதிகாலையில் மட்டக்களப்பு வவுணதீவில் கடமையில் இருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். மாவீரர் வாரம் முடிந்த கையோடு நடந்ததால் சந்தேகம் நேரே முன்னாள் போராளிகள் மேல் போனது. ஒருவர் கைதாகிப் பல மாதம் உள்ளே இருந்தார். 2019 ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் நாட்டின் மற்ற இடங்களிலும் குண்டுகள் வெடித்த பிறகு நடந்த விசாரணையில்தான், அந்தக் கொலைகள் குண்டுகளை வெடிக்கவைத்த சஹ்ரான் குழுவின் வேலை என்று வெளியானது. அவசரத்தில் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டதால் ஓர் அப்பாவி சிறையில் கிடந்தார், அதே மாதங்களில் செய்தவர்கள் வெளியே நடமாடினார்கள். இந்த இரண்டும் எப்போதும் சேர்ந்தேதான் நடக்கும்.

2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள், அத்தனை பேர் கண்முன்னே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டமா அதிபர் வழக்கைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்ததால் 2021 ஜனவரியில் எதிரிகள் விடுவிக்கப்பட்டார்கள். அனுப்பியது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை எந்த நீதிமன்றமும் விடை எழுதவில்லை. அதனால்தான் பொலிஸ் “தனியாள்” என்று சொன்னால் மக்கள் நம்ப மறுக்கிறார்கள். அந்த அவநம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். அனுபவித்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அதை வைத்துப் பக்கத்து வீட்டு மனிதரின் பெயரைச் சொல்லும் உரிமை வந்துவிடாது.

உங்கள் ஊருக்கு வருவோம். இறந்தவரின் குடும்பம் சார்பில் ஒரு சட்டத்தரணி நீதவான் முன் தோன்றி, விசாரிக்கப்படாத கோணங்களைச் சொல்லி, அவற்றையும் விசாரிக்கக் கட்டளை கேட்கலாம். சாட்சி சொல்லப் பயப்படுபவருக்கு 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கோர வழி உண்டு. எதிரியின் சட்டத்தரணியும் தன் பங்குக்குத் தோண்டுவார். அவர் மேல் கோபப்படாதீர்கள்.

கடைசியாக ஒன்று. கொலைக்கு முந்திய கிழமையில் அறிமுகமில்லாத ஒரு மோட்டார் சைக்கிளை அந்தச் சந்தியில் இரண்டு தடவை கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஊரில் பேசிப் பேசி அது ஐந்து தடவையாகவும், ஓட்டியவன் முகம் தெரிந்தவனாகவும் மாறிவிடும் முன், இன்றிரவே ஒரு தாளில் எழுதுங்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன நிறம், எத்தனை பேர் இருந்தார்கள், நீங்கள் எங்கே நின்றீர்கள், வெளிச்சம் எப்படி இருந்தது. இலக்கம் நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதுங்கள். திகதி போட்டுக் கையெழுத்து வையுங்கள். நாளைக்கு ஒரு சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போய் வாக்குமூலம் கொடுங்கள். போகும் வழியில் அந்தச் சந்தியில் ஒரு தடவை இறங்கி, எந்தெந்த ரோட்டுகள் அங்கே வந்து சேர்கின்றன என்றும் பாருங்கள்.